தக்காளியின் சுவைக்கு யார் பொறுப்பு?

இன்றைய தக்காளியில் சுவை இல்லை என்ற குறை, நகரங்களில் வாழும் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் கேட்கிறது. ரசம் வைத்தால் புளியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. சட்னி அரைத்தால் நிறம் வருகிறது, மணம் வருவதில்லை. கூடையில் பத்து நாள் கிடந்தாலும் பழம் வாடுவதில்லை. அதே வேளையில் கனிவதும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது, பழையவை எல்லாம் இனித்ததாகத் தோன்றுவது வயதின் இயல்பு என்று இளையவர்கள் புன்னகையோடு கடந்துவிடுகின்றனர்.

பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், பழைய ரகங்கள், இன்றைய வணிக ரகங்கள், காட்டு இனங்கள் என 398 தக்காளி வகைகளின் மரபணுத் தொகுதிகள் ஆராயப்பட்டன. சுவைக்கும் மணத்துக்கும் காரணமான வேதிப்பொருள்கள் அளக்கப்பட்டன. பல வகைகளைப் பொதுமக்கள் சுவைத்து மதிப்பெண்ணும் வழங்கினர். மக்கள் விரும்பிய மணப்பொருள்களில் பல, வணிக ரகங்களில் பழைய ரகங்களைவிடக் குறைவாக இருந்தன என்பதே அவ்வாய்வின் முடிவு.

குறை உண்மையென்றால் பொறுப்பு யாருடையது? விதை நிறுவனம் என்பார் சிலர். உழவர் என்பார் சிலர். உரமும் பூச்சிமருந்தும் என்பார் வேறு சிலர். எங்கள் கருத்து இவற்றிலிருந்து சற்று மாறுபட்டது. தக்காளியில் சுவையைக் கேட்டு வாங்குவோர் இல்லாமற் போனதாலேயே சுவை குறைந்தது. அதை மீண்டும் கேட்கும் வாய்ப்பு இன்று பெருமளவில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போரிடமே உள்ளது. ஆனால் ஏதோ ஒரு நாற்றை வாங்கித் தொட்டியில் வைப்பதால் அது நிறைவேறாது. பல ரகங்களை அருகருகே வளர்த்து, ஒப்பிட்டுச் சுவைத்து, நல்லதன் விதையை எடுத்து வைக்க வேண்டும்.

இதை எழுதும் நாங்கள் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஐந்து குடும்பத்தினர். வேளாண்மை எங்கள் தொழில் அன்று. மொட்டை மாடியில் சில ஆண்டுகளாகத் தக்காளி வளர்த்து வருவதில் கண்டவற்றையும், அதன் வழியாகத் தேடிப் படித்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பெயரில்லாத பழம்

மாம்பழக் கடையில் நாம் எவ்வாறு பேசுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அல்போன்சா இருக்கிறதா, பங்கனப்பள்ளி என்ன விலை, இமாம்பசந்த் வந்துவிட்டதா, தசேரி எப்போது வரும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறோம். வாழைப்பழத்திலும் அவ்வாறே. ரஸ்தாளியைக் கேட்டவரிடம் கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்துவிட முடியாது. பெயர் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர் இருப்பதால் அந்த ரகத்துக்குத் தனி விலை கிடைக்கிறது. விலை கிடைப்பதால் உழவர் அதைத் தொடர்ந்து பயிரிடுகிறார்.

தக்காளியில் நம்மிடம் இருப்பவை இரண்டே சொற்கள். தமிழ்நாட்டுச் சந்தையில் 'நாடு', 'ஹைபிரிட்' என்பர். வட இந்தியச் சந்தைகளில் 'தேசி', 'ஹைபிரிட்' என்பர். பழம் எந்த ரகம் என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கையில் எடுத்து அழுத்திப் பார்க்கிறோம். கெட்டியாகவும் சீரான சிவப்பாகவும் இருந்தால் கூடையில் போடுகிறோம். யாரும் கடித்துப் பார்த்து வாங்குவதில்லை. சந்தைக்கு நாம் அனுப்பும் செய்தி இதுதான்: நிறமும் கெட்டித்தன்மையும் போதும்.

அந்தச் செய்தியைச் சந்தை மிகச் சரியாகவே புரிந்துகொண்டது. விளைச்சல், நோய் தாங்கும் திறன், தடித்த தோல், ஒரே அளவு, நீண்ட நாள் தாங்கும் தன்மை ஆகியவை ரக உருவாக்கத்தில் முன்னுரிமை பெற்றன. பழம் நிறம் மாறத் தொடங்கும் நிலையிலேயே பறிக்கப்பட்டு, பெட்டிகளில் அடுக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. இவ்வளவையும் தாங்கும் பழமே வணிகத்துக்கு ஏற்ற பழம்.

இதற்கு ஒரு நல்ல சான்று பழத்தின் தோளில் இருக்கிறது. சில தக்காளிகளில் காய்ப் பருவத்தில் காம்பைச் சுற்றியுள்ள பகுதி கரும்பச்சையாக இருக்கும். இதைப் பச்சைத் தோள் என்று குறிப்பிடுவர். அத்தகைய பழம் சீராகச் சிவப்பதில்லை; தோள் சற்றுப் பிந்தியே நிறம் மாறும். காய் முழுவதும் ஒரே வெளிர் பச்சையாக இருந்து, ஒரே நேரத்தில் சிவக்கும் ஓர் இயற்கை மரபு மாற்றத்தைக் கடந்த நூற்றாண்டில் ரக உருவாக்குநர்கள் பரவலாகப் பயன்படுத்தினர். பார்வைக்கு அது அழகாக இருந்தது. எப்போது பறிப்பது என்பதும் எளிதாயிற்று. 2012-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, அந்த மாற்றத்தால் முடங்கிய மரபணு எது என்பதைக் கண்டறிந்தது. காய்க்குள் பச்சையத்தைப் பெருக்கி, காயே தன் சர்க்கரையில் ஒரு பகுதியை உண்டாக்கிக்கொள்ள உதவுவது அந்த மரபணுவின் வேலை. சீரான சிவப்பைத் தேர்ந்தெடுத்தபோது, யாரும் அறியாமலே இனிப்பின் ஒரு பகுதியும் சேர்ந்து கழிந்துவிட்டது.

யாரும் சுவையைக் கெடுக்க முயலவில்லை என்பதை இதில் கவனிக்க வேண்டும். கேட்டது கிடைத்தது, கேட்காதது போயிற்று.

உழவரைக் குறை சொல்வது தகுமா?

உலகில் சீனாவுக்கு அடுத்தபடியாகத் தக்காளி விளைவிக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் விளைகிறது. கர்நாடகத்தின் கோலார், ஆந்திரத்தின் மதனப்பள்ளி, மகாராஷ்டிரத்தின் நாராயண்காவ் ஆகிய இடங்களின் மண்டிகள் நாடெங்கும் பழம் அனுப்புகின்றன. அந்த மண்டிகளில் பெட்டிக் கணக்கில் ஏலம் நடக்கிறது. ஏலத்தில் எடை உண்டு, அளவு உண்டு, நிறம் உண்டு. சுவைக்கென்று ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

2023-ஆம் ஆண்டை நினைவுகூரலாம். அவ்வாண்டு ஜூலையில் சில நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. மத்திய அரசு, தேசியக் கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு, நாஃபெட் ஆகியவற்றின் வழியாகக் கிலோ 90 ரூபாய்க்கு விற்பனையைத் தொடங்கிப் படிப்படியாக விலையைக் குறைத்தது. உயர்ந்த விலையைக் கண்டு பலரும் தக்காளி பயிரிட்டனர். செப்டம்பரில் வரத்துப் பெருகி விலை சரிந்தது; பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் கட்டுப்படியாகாத விலைக்கு உழவர்கள் விற்க நேர்ந்தது. இத்தகைய ஏற்ற இறக்கத்தில் வாழ்பவரிடம், தோல் மெலிந்த, இரண்டே நாளில் கனிந்துவிடும், ஆனால் அருமையாகச் சுவைக்கும் ரகத்தைப் பயிரிடுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. கெட்டியான தோல் அவருக்குக் காப்பீடு போன்றது.

அதேபோல் ஹைபிரிட் என்ற சொல்லையே பழிச்சொல்லாக்குவதும் தவறு. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்ஷக் என்ற கலப்பினம், இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் எதிர்த்து நிற்பது. நல்ல பராமரிப்பில் ஒரு செடியிலிருந்து 18 கிலோ வரை விளைச்சல் எடுத்த உழவர்களும் உண்டு. மருந்துச் செலவைக் குறைத்த இத்தகைய ரகம் உழவருக்கும் உண்பவருக்கும் நன்மையே செய்திருக்கிறது.

ஆகவே உழவர் தம் பிழைப்புக்கு ஏற்றதைத் தேர்கிறார். அவரிடம் சுவையையும் பொறுப்பாக ஏற்றுக்கொள் என்று சொல்லும் உரிமை, சுவைக்கு விலை கொடுக்காத நமக்கு இல்லை. வீட்டுத் தோட்டத்தின் நிலைமை வேறு. அங்கே பழம் பயணம் செய்யும் தூரம், மாடியிலிருந்து சமையலறை வரையே. தோல் தடிக்க வேண்டியதில்லை, அளவு ஒத்திருக்க வேண்டியதில்லை, பத்து நாள் தாங்க வேண்டியதில்லை. சுவை ஒன்றையே அளவுகோலாக வைத்துச் செடியைத் தேர்வதற்கு இவ்வளவு வாய்ப்பு வேறெங்கும் கிடைப்பதரிது.

'நாட்டு'த் தக்காளி எந்த நாட்டுத் தக்காளி?

சுவையைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் 'நாட்டுத் தக்காளியே சிறந்தது' என்ற முடிவுக்குப் பலர் விரைந்து வந்துவிடுகின்றனர். தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. அது பயிராகச் செழித்தது மெக்சிகோவில். போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது என்பர். வங்காளத்தில் அதற்கு 'விலாத்தி பேகுன்', அதாவது சீமைக் கத்தரி என்ற பெயர் வழங்கியதே அதன் வரவைச் சொல்லும்.

இங்கு வந்தபின் அது பல மண்ணுக்கும் பழகியது. தேனிப் பகுதியின் அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையிலிருந்து, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் திடீர் மரபு மாற்றத்தைத் தூண்டி உருவாக்கப்பட்டது பி.கே.எம். 1. சற்றே தட்டையான உருண்டை வடிவமும் பச்சைத் தோளும் கொண்ட இந்தப் பழத்தில் புளிப்பு மிகுதி. பச்சைத் தோளும் நாவைச் சுண்டும் புளிப்பும் கொண்ட பழத்தையே நம்மில் பலர் நாட்டுத் தக்காளி என்று அறிந்திருக்கிறோம். அது ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் படைப்பாகவும் இருக்கக்கூடும்.

தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா ரூபி, சியூ என்ற அமெரிக்க வகையையும் மேம்படுத்தப்பட்ட மீரட் வகையையும் கலந்து பெறப்பட்டது. அதன் பின் அதுவும் விதை எடுத்து விதைக்கும் நிலையான ரகமாயிற்று. அர்கா விகாஸ், டிப் டாப் என்ற அமெரிக்க வகையிலிருந்து ஹெசரகட்டாவில் தெரிவு செய்யப்பட்டது. நாட்டு ரகம், வெளிநாட்டு ரகம் என்ற பிரிவு நாம் நினைப்பதுபோல் தெளிவானதன்று. வீட்டுத் தோட்டத்துக்குப் பயன்படும் பிரிவு வேறு: விதை எடுத்தால் தாய்ச்செடியைப் போலவே வரும் நிலையான ரகம் எது, விதை எடுத்தால் குணம் சிதறும் கலப்பினம் எது என்பதே அது. பி.கே.எம். 1, பூசா ரூபி, அர்கா விகாஸ் ஆகியவை முதல் வகை. அர்கா ரக்ஷக் இரண்டாம் வகை.

பெயரை நம்பிச் சுவையை முடிவு செய்யாமல், நாவை நம்பி முடிவு செய்ய வேண்டும் என்பதே எங்கள் வாதம். நாவுக்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஒப்பீடு வேண்டும்.

ஒரே மண், ஒரே நீர், ஐந்து ரகம்

தனித்தனியே வாங்கிய இரண்டு பழங்களை ஒப்பிட்டால், வேறுபாடு ரகத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா, பறித்த நாளால் வந்ததா என்பது தெரியாது. வீட்டுத் தோட்டத்தில் அந்தக் குழப்பத்தை நீக்கிவிடலாம். நாங்கள் மேற்சொன்ன நான்கு ரகங்களோடு சிறிய செர்ரித் தக்காளி ஒன்றையும் சேர்த்து, ரகத்துக்கு 2 செடி வீதம் 10 பைகளில் வளர்க்கிறோம். 15 அங்குல வளர்ப்புப் பையில் செம்மண், நன்கு மட்கிய தொழுஉரம், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புகிறோம். ஒரே நாளில் விதைத்து, 25 முதல் 30 நாள் நாற்றை ஒரே நாளில் நடுகிறோம். எல்லாப் பைகளுக்கும் ஒரே அளவு நீர். எல்லாவற்றுக்கும் நாளுக்குக் குறைந்தது 6 மணி நேர வெயில்.

விதைக்கும் காலம் ஊருக்கு ஊர் மாறும். பூ காயாகப் பிடிப்பதற்கு மிதமான இரவு வேண்டும். பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டி, இரவும் தணியாதிருந்தால் பூக்கள் உதிர்ந்துவிடும். கடும் வெப்பத்தில் சிவப்பு நிறமும் சரியாகக் கூடுவதில்லை. எனவே தில்லியைச் சேர்ந்தவர்கள் மழைக்காலத்தின் இறுதியில் நாற்று விட்டுக் குளிர்காலத்தில் பறிக்கலாம். மும்பையில் பெருமழை ஓய்ந்தபின் தொடங்குவது நல்லது. பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி தக்காளிக்கு ஏற்றதே.

அருகருகே வளர்க்கும்போது, சுவைக்கு முன்பே செடிகள் பாடம் சொல்லத் தொடங்கிவிடும். வெள்ளை ஈ வந்து இலைச்சுருள் நோய் பரவும் பருவத்தில், சில ரகங்களின் நுனியிலைகள் சுருண்டு குட்டையாகும். அர்கா ரக்ஷக் பெரிதும் பாதிப்பின்றி நிற்கும். உழவர் ஏன் அதைத் தேர்கிறார் என்பது நூல் படிக்காமலே விளங்கும். நீர் ஒரு நாள் மிகுந்து மறுநாள் குறைந்தால் காயின் அடிப்பகுதி கருகி அழுகும். கால்சியம் காய்க்குச் சீராகப் போய்ச் சேராததே அதன் காரணம். காய்கள் நிறம் மாறும் தறுவாயில் நீரைச் சற்றே குறைத்தால் பழத்தில் நீர்ப்பாங்கு குறைந்து சுவை செறியும். ஆனால் பை முற்றிலும் காய்ந்துவிடக் கூடாது.

சுவைக்கும் முறை

பழத்தைச் செடியிலேயே முழுமையாகக் கனிய விட்டு, ஒரே நாளில் பறிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாகாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், தக்காளியை 5 பாகை செல்சியசில் 7 நாள் வைத்தபோது, சர்க்கரையும் அமிலமும் பெரிதும் மாறாதிருக்க, மணப்பொருள்கள் மட்டும் குறைந்தன. வெளியே எடுத்து வைத்தபின்பும் அவை முழுமையாக மீளவில்லை. கடைத் தக்காளியாயினும், பழுத்ததை இரண்டொரு நாளில் உண்பதானால் வெளியே வைப்பதே சிறந்தது.

பழங்களை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, எண் மட்டும் எழுதிய தட்டுகளில் வைக்கிறோம். எந்த எண் எந்த ரகம் என்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் சுவைப்போர் வரிசையில் சேர்வதில்லை. முதலில் உப்பில்லாமல் ஒரு துண்டு. பிறகு சிட்டிகை உப்போடு ஒன்று. இடையிடையே சிறிது பொரியும் ஒரு வாய் நீரும். இனிப்பு, புளிப்பு, மணம், தோல், சதை என்ற ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண் எழுதிய பிறகே பேசத் தொடங்குவோம். முன்னதாகவே பேசினால், குரல் உயர்ந்தவரின் சுவையே எல்லோருடைய சுவையும் ஆகிவிடுகிறது.

இனிப்பும் புளிப்பும் நாவுக்குரியவை. தக்காளியைத் தக்காளியாக்குவது பெரும்பாலும் மூக்குக்குரிய மணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டைச் சுவைத்துவிட்டு, பிறகு விட்டுப் பார்த்தால் குழந்தைகளுக்கும் இது புரிந்துவிடும். விதைகளைச் சூழ்ந்த கூழில், சதையைவிடக் குளுட்டமேட் மிகுதி; குழம்புக்கும் ரசத்துக்கும் ஆழம் தருவது அதுவே. விதையையும் கூழையும் வழித்து எறிந்துவிட்டுச் சமைப்போர், சுவையின் நல்லதொரு பங்கையும் எறிந்துவிடுகின்றனர்.

எங்கள் சுவைப்பில் எல்லா வகையிலும் முதலிடம் பெற்ற ரகம் எதுவும் இல்லை. பச்சையாக உண்பதற்குச் செர்ரித் தக்காளியின் இனிப்பைக் குழந்தைகள் ஒருமனதாகத் தேர்ந்தனர். ரசத்தில் பி.கே.எம். 1 தனித்து நின்றது. புளியைப் பாதியாகக் குறைக்க முடிந்தது. கெட்டியான குழம்புக்கும் தொக்குக்கும் சதைப்பற்று மிகுந்த அர்கா ரக்ஷக்கையே பலர் விரும்பினர். கடையில் வாங்கினால் அவர்களே அதை 'வெறும் ஹைபிரிட்' என்று ஒதுக்கியிருப்பர். பூசா ரூபியின் மணம் மூத்தவர்கள் இருவருக்குத் தங்கள் இளமைக்காலச் சமையலறையை நினைவூட்டியது. வேறு ஊரில், வேறு மண்ணில், வேறு நாவுகளுக்கு வேறு முடிவுகள் வரலாம். 'எது சிறந்த தக்காளி' என்ற கேள்வி, 'எதற்கு எது சிறந்தது' என்று மாறிவிடுவதே ஒப்பீட்டின் பயன்.

விதை என்னும் வைப்பு

சுவைத்துத் தேர்ந்தபின் நின்றுவிட்டால் வேலை பாதியே முடிந்ததாகும். பயிரிடுவோர் இல்லாத ரகம், எவ்வளவு சுவையானதாயினும், சில ஆண்டுகளில் மறைந்துவிடும். தில்லியில் தேசியப் பயிர் மரபுவள வாரியத்தின் மரபணு வங்கி பல்லாயிரம் பயிர் மாதிரிகளைக் குளிரில் உறையவைத்துக் காத்து வருகிறது. அது இன்றியமையாத பணி. ஆயினும் உறைநிலையில் உள்ள விதை, உயிரோடு இருப்பதன்றிப் புழக்கத்தில் இருப்பதாகாது. சமையலறையில் புழங்கும் ரகமே மக்கள் கேட்டு வாங்கும் ரகமாக முடியும்.

இந்த வகையில் தக்காளி மிகவும் இணக்கமான பயிர். அதன் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வதால், அருகருகே பல ரகம் இருந்தாலும் கலப்பு அரிதாகவே நேரும். நிலையான ரகத்தின் நோயற்ற செடியில் நன்கு கனிந்த பழத்தைத் தேர்ந்து, விதையைக் கூழோடு ஒரு கிண்ணத்தில் எடுத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க விட வேண்டும். வழவழப்பு நீங்கியதும் அலசினால் பதர்கள் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் நன்கு உலர்த்திக் காகித உறையிலிட்டு, ரகமும் ஆண்டும் எழுதி, காற்றுப் புகாத கலத்தில் வைத்தால் 4 ஆண்டுகள் வரையிலும் முளைக்கும். ஒரு பழத்தின் விதை, ஒரு தெருவுக்கே போதும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையை ஏற்கிறது. அச்சட்டத்தில் 'உழவர்' என்ற சொல்லின் விளக்கம் விரிந்தது. பாரம்பரிய ரகங்களைக் காப்பவரும், அவற்றின் பயனுள்ள குணங்களைக் கண்டறிந்து தெரிவு செய்து மேம்படுத்துபவரும் அதில் அடங்குவர். பல தலைமுறையாகக் கைமாறி வரும் ஊர் வகை ஒன்றைப் பையில் வளர்த்து, சுவைத்து, நல்லதன் விதையை எடுப்பவர், அந்த விளக்கத்துக்குப் புறம்பானவர் அல்லர்.

கணக்குப் பார்த்தால்

சேமிப்பைப் பற்றி எண்ணும் வாசகர்கள், வீட்டில் தக்காளி வளர்த்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்கக்கூடும். நேர்மையான விடை: பெரும்பாலும் மிச்சமாகாது. பை, மண், உரம், நீர், தாங்குகோல், மாலை நேரம் ஆகிய அனைத்தையும் கணக்கில் சேர்த்தால், ஆண்டின் பெரும்பகுதியில் கடைத் தக்காளியே மலிவு. மாடித் தோட்டத்தைச் செலவுக் குறைப்பு என்று விளம்பரம் செய்வோரை நம்பித் தொடங்குபவர்கள், முதல் பருவத்திலேயே சலித்து விட்டுவிடுகின்றனர்.

இடமில்லை என்பது அடுத்த தடை. எல்லோராலும் 10 பைகள் வைக்க இயலாது என்பது உண்மை. வெயில் படும் ஒரு முகப்பு மாடமும் 2 பைகளும் உள்ளவர்கள், அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஆளுக்கு ஒரு ரகத்தை ஏற்றுக்கொள்ளலாம். பழத்தையும் விதையையும் பகிர்ந்துகொள்ளலாம். குடியிருப்போர் சங்கங்கள் மொட்டை மாடியில் ஒரு மூலையை இதற்கு ஒதுக்குவது பெரிய செலவன்று. நீர்க்கசிவு பற்றிய அச்சம் நியாயமானதே. பைகளைத் தரையில் வைக்காமல் தாங்கிகளின் மேல் வைத்து, வடிநீரைத் தட்டுகளில் பிடித்தால் அந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

ஐந்து குடும்பம் சுவைத்துப் பார்ப்பதால் கோலார் மண்டியின் போக்கு மாறிவிடுமா என்ற ஐயமும் எழலாம். மாறாதுதான். ஆனால் மாம்பழத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும் பழக்கமும் எங்கோ சில தோட்டங்களில், சில குடும்பங்களின் நாவில் தொடங்கியதே. வேறுபாட்டை அறிந்தவர்தாம் வேறுபாட்டைக் கேட்பார். கேட்போர் பெருகினால், நகரங்களை ஒட்டிய சிற்றூர்களில் உள்ள சில உழவர்களாவது, சற்றுக் கூடுதல் விலைக்குப் பெயருள்ள தக்காளியைக் கூடையில் கொண்டுவர முன்வருவர். விலைப் பலகையில் 'தக்காளி' என்று மட்டும் எழுதாமல் ரகத்தின் பெயரையும் எழுதும் கடைகளும் வரும். புதிய ரகத்தை வெளியிடும் நிறுவனங்கள், விளைச்சலோடும் நோய் எதிர்ப்போடும் சுவைச் சோதனையின் முடிவையும் அறிவிக்க வேண்டும் என்று நாம் கோரவும் முடியும்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. ஹெசரகட்டா நிறுவனத்தின் விதைகளை இணையவழியில் பெறலாம். வேளாண் பல்கலைக்கழகங்களின் விற்பனை மையங்களிலும் நிலையான ரகங்களின் விதை சிறு உறைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து வரும் உறவினரிடம், அவர்கள் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்துக் காய்க்கும் செடியின் ஒரு பழத்தைக் கேட்டு வாங்கலாம். வரும் பருவத்தில் இரண்டு ரகங்களை மட்டுமாவது ஒரே நாளில் விதைத்துப் பாருங்கள். பழுத்தபின், கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் சுவைத்துப் பாருங்கள். பிடித்ததன் விதையில் பாதியை உங்களுக்கென வைத்துக்கொண்டு, மீதியை அதன் பெயரோடு அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள்.